எத்தியோப்பியப் பாட்டுக்கு முதலில் எழும்பியவன்

சுவிஸில் டீட்டிகோன் என்ற ஊரில் ரயில் பாதைக்குப் பின்னால் பழைய டயர் அடுக்கிக் கிடந்த கிடங்கை மண்டபமாக்கியவன் நான். கூரையில் ஏறி ஒழுக்கு அடைத்தவன் நான், வயரிங் இழுத்தவன் நான், மேடைக்கும் தரைக்கும் பலகை அறுத்தவனும் நான்தான். சுவிஸில் எந்தத் தமிழ்க் கலியாணம் என்றாலும் ஸ்பீக்கர் பெட்டியோடு வாசலில் வந்து நின்றது என்னுடைய வான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஜெர்மன் படித்தது பாத்திரம் கழுவிய இடத்தில். வங்கி கடன் தரமாட்டேன் என்றது. நகரசபை தீயணைப்புக் கதவு போதாது என்று திருப்பித் திருப்பி அனுப்பியது. பொறியியல் படித்த நம்மவர் இரண்டு பேர் வந்து சுற்றிப் பார்த்து, இது சரிவராது அண்ணை என்று சொல்லி, நான் ஊற்றிய தேத்தண்ணீரையும் குடித்துவிட்டுப் போனார்கள். பிறகு அவர்களுடைய பிள்ளைகளின் பிறந்தநாள் விழாக்கள் அங்கேதான் நடந்தன.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், கூரையில் ஏறப் பயப்படாத நான், போன வருடம் ஒரு ஞாயிறு பின்னேரம், சத்தம் கூட்டிக் குறைக்கும் என் மிக்ஸரை விட்டுவிட்டு ஓடினேன். அது ஓர் எத்தியோப்பியப் பாடகருக்காக.

அவரை நான் கண்டது பேர்ணில், ஓர் ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில். நான் இந்த நாட்டுக்கு வந்த புதிது. தட்டுக் கழுவும் இயந்திரத்தின் ஒரு முனையில் நான், மறுமுனையில் அவர். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். தட்டுகள் நீராவியோடு வெளியே வரத் தொடங்கினால் அவரும் பாடத் தொடங்குவார். முதல் நாள் அதைக் கேட்டுக் கையிலிருந்த தட்டோடு அப்படியே நின்றுவிட்டேன். பாஷை ஒரு சொல் விளங்கவில்லை. ஆனாலும் பாட்டு, எங்கேயோ பார்த்துப் பழகிய முகம் மாதிரி இருந்தது.

அதற்குக் காரணம் உண்டு. நான் இளந்தாரியாக இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் பொப் இசை என்று ஒன்று கிளம்பியது. பைலாத் தாளம், வெள்ளைக்காரன் கிற்றார், அக்கோடியன், வாய் மட்டும் தமிழ். சங்கீதம் படித்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள், சனம் கதிரையில் ஏறி நின்று ஆடியது. அந்தக் குழுக்களுக்குப் பெட்டி சுமந்தவன் நான். தட்டுக் கழுவும் இடத்தில் கேட்டதும் அந்த வகைப் பாட்டுத்தான். அவருடைய ஊரில் அரசரின் படை வாத்தியக்குழுவில் ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் ஊதப் பழகியவர்கள் பகலில் அணிவகுப்புக்கு ஊதிவிட்டு, இரவில் ஹோட்டல்களில் கலியாண வீட்டுப் பாட்டை அதே வாத்தியத்தில் வாசித்தார்களாம், இவர் அவர்களோடு பாடி இசைத்தட்டும் போட்டாராம். அமெரிக்கன் படைமுகாம் ரேடியோவில் கறுப்பினப் பாடகர்களைக் கேட்டு அந்த முறுக்கையும் சேர்த்துக்கொண்டார்கள். மின்சார ஓர்கன் வந்ததும் அதையும் விடவில்லை. ஆனால் சுரம் மட்டும் அவர்களுடைய பழைய ஐந்து சுரம். எங்கள் கோயில் நாதஸ்வரக்காரருக்கு ஒரு நாள் அவருடைய கசெட்டைப் போட்டுக் காட்டினேன். மோகனம் மாதிரி வருகுது, ஆனால் மோகனம் இப்பிடி நொண்டி நொண்டி ஓடாது என்றார். அது சரியான பேச்சு. அந்தத் தாளம் நொண்டும், ஆனால் விழாது.

பிறகு அங்கே படைக்காரர் நாட்டைப் பிடித்து இரவில் ஊரடங்கு போட்டார்கள். இரவில் பாடிப் பிழைத்தவனுக்கு இரவு இல்லையென்றால் என்ன செய்வது? அவர் பேர்ணுக்கு வந்து தட்டுக் கழுவினார். ஆட்களுக்கு முன்னால் பிறகு பாடவேயில்லை.

நான் டீட்டிகோனுக்கு மாறிய பிறகும் போனில் கதைப்போம். எங்கள் பேச்சு இரண்டு பேருக்கும் பாதி தெரிந்த ஜெர்மன். அதை இங்கே என் ஊர்ப் பேச்சில் எழுதுகிறேன்.

போன வருடம் இளம் சுவிஸ் பிள்ளைகளின் இசைக்குழு ஒன்று பயிற்சிக்கு என் மண்டபத்தை எடுத்தது. சாக்ஸபோன் ஊதும் ஒரு பெண்பிள்ளைதான் தலைமை. நான் பின்னால் வயர் சுற்றிக்கொண்டு நிற்கிறேன், மேடையில் ஓர்கன் தொடங்குகிறது. அவர் தட்டுகளுக்குப் பாடிய அதே பாட்டு! சுற்றிய வயரைக் கீழே போட்டுவிட்டேன். பழைய எத்தியோப்பிய இசைத்தட்டுகளைக் கேட்டுப் பழகினோம் என்றார்கள். அதைப் பாடின மனிசன் பேர்ணில் ட்ராமில் போய்வாறார் என்று நான் சொன்னேன். அந்தப் பிள்ளைக்கு அழுகை வந்துவிட்டது. செத்துப்போயிருப்பார் என்று நினைத்திருந்தாளாம். இதை வாசிப்பவர்கள் கவனிக்கவேண்டும்: ஆளைக் கண்டுபிடித்துக் கொடுத்தது எந்தப் பல்கலைக்கழகமும் இல்லை, நான்.

அவர் வரமாட்டேன் என்று நின்றார்.

"சகோதரம், இவ்வளவு வருஷமாத் தட்டுக்கும் கோப்பைக்கும் பாடினனான். அதுகள் கை தட்டாது, ஆனால் குறையும் சொல்லாது. இனிச் சனத்துக்கு முன்னால போய் நிண்டு தோக்கேலாது."

நான் விடவில்லை. என்ர மண்டபம், என்ர பெட்டி, என்ர கை மிக்ஸரில இருக்கும், என்ன பயம் என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். ஓம் என்றார். போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். அவர் பாடுவார் என்று ஊரெல்லாம் வாக்குக் கொடுத்தவன் நான். பிள்ளைகளோடு நடந்த ஒத்திகையில் குரல் நன்றாகவே இருந்தது. ஆனால் ஒத்திகையில் சனம் இல்லையே. பிறகு ஒரு கிழமை முழுக்க அவர் போன் எடுக்கவில்லை. படுத்துவிட்டாரோ, மனம் மாறிவிட்டாரோ என்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் பார்த்தால் போனைக் குளிர் அங்கியின் பைக்குள் வைத்து, அங்கியை அலுமாரிக்குள் வைத்திருக்கிறார்.

அந்த ஞாயிறு நானே வானில் போய்க் கூட்டிவந்தேன். வழி முழுக்க ஆள் யன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார், நான் அவரைப் பார்த்துக்கொண்டு வந்தேன். றோட்டைப் பார்த்தது குறைவு.

மண்டபத்தைக் குழுக்காரர் கேட்டபடி ஒழுங்குசெய்திருந்தேன். கதிரைகள் வரிசையாக, நூல் பிடித்த மாதிரி. ஒலிப்பதிவுக்கு ஓர் ஆள் தன் இயந்திரத்தோடு வந்திருந்தான். அவனுக்காக என் குளிர்பெட்டியின் இரைச்சலைக்கூட நிறுத்திவைத்தேன். ஐந்து மணி என்றால் ஐந்து மணிக்கே சனம் வந்து இருந்துவிட்டது. நம்முடைய விழா என்றால் அந்த நேரம் வாசலில் கோலம்கூடப் போட்டிருக்க மாட்டார்கள். முன்னால் சுவிஸ்காரர். பின்வரிசைகளில் எத்தியோப்பியச் சனம், வெள்ளைச் சேலை மாதிரி போர்த்துக்கொண்டு பெண்கள். ஒருவரும் மூச்சு விடவில்லை.

முதல் பாட்டுப் பாடினார். குரல் கொஞ்சம் கரகரத்தாலும் நிமிர்ந்து நின்றது. முடிந்ததும் ஒழுங்கான கைதட்டல். எல்லோரும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக நிறுத்தினார்கள். இரண்டாவது பாட்டில் குரல் இறங்கியது. நான் மிக்ஸரில் ஏற்றினேன். அவர் இன்னும் இறக்கினார். இல்லாத சத்தத்தை எந்தப் பெட்டியாலும் கூட்ட முடியாது. பாட்டு முடிந்ததும் ஒலிவாங்கியைத் தாங்கியில் மெதுவாகக் கொழுவிவிட்டு மேடையின் பின்பக்கத்தால் இறங்கிப் போய்விட்டார். சாக்ஸபோன் பிள்ளை என்னைப் பார்த்தாள். கையைச் சுழற்றி, வாசி, வாசித்துக்கொண்டே இரு என்று காட்டிவிட்டு ஓடினேன்.

சமையலறையில் என் மனைவி றோல்ஸ் பொரித்துக்கொண்டு நிற்கிறாள். பக்கத்தில் அவர் அங்கியைப் போட்டுப் பொத்தான் பூட்டுகிறார்.

"உன்ர ஆக்கள் செத்தவீட்டுக்கு வந்த மாதிரி இருக்கினம்," என்றார்.

"அண்ணை, சுவிஸ்காரருக்குப் பிடிச்சால் இப்பிடித்தான் இருப்பினம். பிடிக்காட்டியும் இப்பிடித்தான் இருப்பினம்."

"அப்ப நான் எப்பிடி அறியிறது?"

அவர் ஊரில் பாட்டு நன்றாக இருந்தால் சபையிலிருந்து ஆள் எழுந்து வந்து, பாடகனின் நெற்றியில் ஒரு காசுத்தாளை ஒட்டிவிட்டு, முன்னால் நின்று தோளைக் குலுக்கி ஆடும். பாடகன் அந்த ஆளைச் சேர்த்து ஒரு வரி கட்டிப் பாடுவான். நாதஸ்வரக்காரருக்குச் சபையில் சால்வை போர்க்கிற மாதிரித்தான். ஒருவரும் எழும்பாவிட்டால், வீட்டுக்குப் போ என்று அர்த்தம். தட்டுக் கழுவும் காலத்திலேயே எனக்கு இதைச் சொல்லியிருக்கிறார்.

"இன்னும் ஒரேயொரு பாட்டு," என்றேன். "ஒருத்தரும் எழும்பாட்டி நானே கொண்டுபோய் பேர்ணில விடுறன். பிறகு இந்தக் கதையை நான் எடுக்கவே மாட்டன்."

அவர் அங்கியைக் கழற்றவில்லை, அங்கியோடேயே மேடைக்குத் திரும்பினார்.

நான் என்ன செய்யப்போகிறேன் என்பதை மனைவி விளங்கிக்கொண்டாள்.

"இஞ்சாருங்கோ, வயசுபோன நேரத்தில சபையில ஏறி ஆடப்போறியளோ? மகளின்ர சிநேகிதரும் வந்திருக்கினம்."

ஓம் என்றேன்.

நான் தொழில் தொடங்கிய நாளிலிருந்து நிகழ்ச்சி நடக்கும்போது மிக்ஸரை விட்டு நகர்ந்தவன் இல்லை. அன்று அவர் மூன்றாவது பாட்டைத் தொடங்கியதும் இரண்டாம் தடவையும் விட்டுவிட்டு, கதிரைகளின் நடுவால் நடந்தேன். பலகை போட்டவன் நான்தானே, ஆனாலும் அன்று அது என் காலுக்குக் கீழே இப்படிச் சத்தம் போடும் என்று நினைக்கவில்லை. சனம் தலையைத் திருப்பிப் பார்த்தது. ஏதோ வயர் பழுது என்று நினைத்திருக்கும். மேடையில் ஏறி இருபது பிராங் தாளை எடுத்து அவர் நெற்றியில் ஒட்டினேன். ஒட்டவில்லை, விழுந்தது. பயத்தில் மனிதருக்கு வியர்வையே இல்லை. குனிந்து எடுத்து மறுபடி ஒட்டினேன், மறுபடி விழுந்தது. சபையில் யாரோ சிரித்தார்கள். கடைசியில் தாளை என் நெற்றியில் ஒற்றினேன். எனக்கு வியர்வைக்குப் பஞ்சமே இல்லை. அந்த ஈரத்தோடு அவர் நெற்றியில் அப்பினேன். ஒட்டிக்கொண்டது.

அவர் பாட்டின் நடுவில் சிரித்துவிட்டார். நான் மேடைக்குக் கீழே வந்து நின்று தோளைக் குலுக்கினேன். அவர்களைப் போல ஆட எனக்கு வராது. பைலாவும் காவடியும் கலந்து ஏதோ ஒன்று வந்தது. தனியே. முழுச் சபையும் கதிரையில், நான் ஒருவன் காலில். அவ்வளவு நீளமான பாட்டை நான் அதற்கு முன்னும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. இவர் இப்போது நிறுத்தினால் இரண்டு பேருடைய மானமும் இந்த மேடையில் போய்விடும் என்ற ஒரே நினைவு.

அப்போது அவர் ஒரு புது வரி கட்டினார். என் பெயர் அதில் இருந்தது. தட்டுக்கு ஜெர்மனில் சொல்கிற சொல்லும் இருந்தது. உடனே பின்வரிசையில் ஒரு பெண் குரவை இட்டாள். எங்கள் பெண்கள் இடுகிற அதே குரவை. அந்தச் சனமும், இது சுவிஸ் மண்டபம், சத்தம் போடக்கூடாது என்று பயந்துதான் அவ்வளவு நேரமும் இருந்திருக்கிறது. வெள்ளைச் சேலைகள் எழும்பின. சமையலறைக் கதவில் என் மனைவி ஏப்பிரனோடு நின்று கை தட்டினாள். ஒரு சுவிஸ்காரர் தன் கதிரையை ஒழுங்காக மடித்துச் சுவரில் சாத்திவிட்டு வந்து ஆடத் தொடங்கினார். பிறகு கதிரை வரிசை என்று ஒன்று இல்லை. மேடையில் பாடகர் அங்கியைக் கழற்றி எறிந்துவிட்டுப் பாடினார். நெற்றியில் இடமில்லாமல் கன்னத்திலும் தாள் ஒட்டினார்கள்.

அந்த ஒலிப்பதிவு இப்போது இசைத்தட்டாக வந்திருக்கிறது. உறையின் பின்பக்கத்தை மகள் வாசித்துச் சொன்னாள். ஒலிப்பதிவு செய்தவன் பெயர் இருக்கிறது, படம் பிடித்தவன் பெயர், மொழிபெயர்த்தவர் பெயர், கோப்பி ஊற்றியவர்களுக்குக்கூட நன்றி. மூன்றாவது பாட்டில் சபை தானாகவே எழுந்தது என்று எழுதியிருக்கிறார்கள். என் பெயர் இல்லை.

"அப்பா, நீங்கள் ஹோல் வாடகைக்குக் குடுத்த ஆள்," என்றாள் மகள். "அப்பிடித்தான் அவை பாப்பினம்."

மறுபடி அச்சிடப் போகிறார்களாம். எனக்கு நித்திரை வருவதில்லை. அவருக்கும் வயது, எனக்கும் வயது. பாட்டில் என் பெயர் வருவது அந்தப் பாஷை தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் கேட்கும். மற்றவர்களுக்குக் கேட்பது பலகையில் என் செருப்புச் சத்தமும், அவர் சிரித்த சிரிப்பும் மட்டும்.

ஆகவே இசைத்தட்டுப் போட்டவர்களிடம் கேட்கிறேன், தயவாக இல்லை, உரிமையாகக் கேட்கிறேன். ஆளைக் கண்டுபிடித்தது யார், கூட்டிவந்தது யார், பெட்டி யாருடையது என்று உறையில் எழுதுங்கள். சபை தானாக எழுந்தது என்ற வரியை வெட்டுங்கள். எந்தச் சபையும் தானாக எழும்பாது. முதலில் ஒருவன் எழும்பினான், அவனுக்கு ஒரு பெயர் இருக்கிறது என்று போடுங்கள்.