நடுவில் ஒன்று, ஓரங்களில் இரண்டு

ஒஹையோவின் டொலீடோ நகரில் இருபத்தேழு வருடங்களாகப் பள்ளிப் பேருந்து ஓட்டிய லவர்ன் புகால்ஸ்கியின் மேல், வேகமாகப் போனதாக ஒரு புகார்கூடக் கிடையாது. அறுபத்து நான்கு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, ஒருவன் கையில் இருக்கும் ஆரஞ்சுச் சாறும் தளும்பாமல் பிரேக் பிடிப்பாள். அதே லவர்ன் ஞாயிற்றுக்கிழமைகளில், நகருக்கு வெளியே எல்ம் ஃபோர்க் கார்ப் பந்தய ஓடுதளத்தில், தன்னுடைய 1966-ஆம் வருட போண்டியாக் காரில் உட்கார்ந்து கால் மைலைப் பதின்மூன்று சொச்சம் விநாடிகளில் கடப்பாள். அவளுக்கு வயது அறுபத்தொன்று.

அந்த ஓடுதளத்திலிருந்து ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் எட்டுப் பேர் கொண்ட அணி பெரிய போட்டிக்குப் போகும். எட்டுப் பேருக்கும் ஒரே மாதிரி சிவப்புச் சட்டை. லவர்ன் மூன்று வருடங்களாகத் தொடர்ந்து ஒன்பதாவது ஆளாக நின்றாள். அந்தச் சட்டையை ஒரு தடவையாவது போட்டுவிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு அப்போது வேறு ஆசை எதுவும் இல்லை.

இன்னொரு ஆசை இருந்தது என்றும் சொல்லலாம். பதினாறு வயதில், எதிர்வீட்டுப் பையன் புதுக் காரின் மூடியைத் தூக்கிக் காட்டியபோது, எஞ்சின் மேல் வரிசையாக, பெட்ரோலையும் காற்றையும் கலந்து ஊட்டும் கார்புரேட்டர்கள் மூன்றைப் பார்த்தாள். பையன் முகம் மறந்துபோயிற்று. மூன்று கார்புரேட்டர்கள் மறக்கவில்லை. பின்னால் அவள் வாங்கிய காரில் ஒன்றுதான் இருந்தது. அந்த ஒன்று, 2011 ஜனவரிக் குளிரில், அடிப்பக்கம் விரிசல் விட்டுப் பயனற்றுப் போனது. லவர்ன் வருத்தப்பட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள மிகவும் பாடுபட்டாள்.

கூடப் பந்தயம் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் மறுபடி ஒன்றையே போடச் சொன்னார்கள். ஒன்றுக்கு மேல் போனால் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது, வாரம் முழுக்கத் திருகாணியைத் திருகிக்கொண்டு உட்கார வேண்டியதுதான் என்றார்கள். அவளுடைய தம்பி ரோலி மட்டும் வேறு பேச்சுப் பேசினான். அவனுடைய அலமாரியில் நான்கு வாய் கார்புரேட்டர்கள் இரண்டு, துணியில் சுற்றிக் கிடந்தன. மொத்தம் எட்டு வாய்.

“எட்டு சிலிண்டருக்கு எட்டு வாய். இதுக்கு மேல என்ன கணக்கு வேணும் உனக்கு?” என்றான்.

லவர்ன் மறுக்கவில்லை. ஏப்ரல் மாதம் முதல் தடவை அவற்றோடு ஓடுதளத்தில் மிதித்தபோது தலை பின்னால் போய் இருக்கையில் மோதியது. மூடிக்கு அடியிலிருந்து வந்த உறுமலில் பக்கவாட்டுக் கண்ணாடி நடுங்கியது. பன்னிரண்டு புள்ளி எட்டு! அவள் கார் அதுவரை பதின்மூன்றுக்குக் கீழே இறங்கியதே இல்லை. திரும்பி வந்து இறங்கினாள். ரோலியின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மற்ற ஓட்டுநர்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு அவள் காரின் மூடியைச் சுற்றிக் கூடினார்கள்.

ஆனால் அந்த ஓடுதளத்துப் பந்தயம் வெறும் வேகத்தில் ஜெயிக்கிற பந்தயம் அல்ல. ஓடுவதற்கு முன்னால், தன் கார் எத்தனை விநாடி எடுக்கும் என்று ஒவ்வொருவரும் வெள்ளை ஷூ பாலிஷால் கண்ணாடியில் எழுத வேண்டும். மெதுவான காரை, இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம் அளவுக்கு முன்னாலேயே விட்டுவிடுவார்கள். கோட்டை முதலில் தாண்டுகிறவருக்கு வெற்றி. ஆனால் தான் எழுதியதைவிட வேகமாக ஓடினால், முதலில் தாண்டினாலும் தோல்வி.

மே மாதம் முதல் சுற்றில் லவர்ன் 12.90 என்று எழுதினாள். 12.71 ஓடினாள். அடுத்த வாரம் 12.75 எழுதினாள்; கார் சோம்பிப்போய்ப் பதின்மூன்றுக்கு மேல் போனது. வெயில் ஏறினால் ஒரு குணம், மேகம் வந்தால் ஒரு குணம். கோட்டுக்குப் பக்கத்தில் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று காலைத் தளர்த்தினாலோ, எட்டு வாயும் சேர்ந்தாற்போல் மூடிக்கொள்ளும். காரின் மூக்கு தொப்பென்று கீழே குத்தும்.

டெல்பர்ட் கிரிம் இதையெல்லாம் கவனித்துக்கொண்டே இருந்தார். கூரைத் தகடு அடிக்கிற தொழில், பச்சை நிறக் கார், பதினொன்றரை விநாடி ஓட்டம். எட்டாவது இடத்துக்கு அவளோடு முட்டிக்கொண்டிருந்தவர் அவர்தான்.

“பஸ்காரம்மா, பிள்ளைங்கள இப்படித்தான் பள்ளிக்கூடம் திறக்கிறதுக்கு முன்னாடியே கொண்டுபோய் இறக்கிடுவியா?” என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். லவர்னும் சிரித்தாள். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு போனாள்.

ஜூன் மாதத்தில், ஒரு பண்ணை மைதானத்துப் பழைய உதிரிபாகச் சந்தையில், குழந்தைகள் குளிக்கிற பிளாஸ்டிக் தொட்டிக்குள் அவை கிடந்தன. இரட்டை வாய் கார்புரேட்டர்கள் மூன்று, அவற்றைத் தாங்கும் வார்ப்புத் தளத்தோடு. லவர்ன் தொட்டிக்குப் பக்கத்திலேயே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சு அடித்துக்கொள்வது விற்கிறவருக்குக் கேட்டுவிடுமோ என்று பயந்து, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் மடலையும் விரலால் திறந்து மூடிப் பார்த்தாள். ஓரத்தில் இருந்த ஒன்றில் அச்சு ஆடியது. அதனால் என்ன, அச்சைப் பிடிக்கும் புஷ் வளையத்தைப் புதிதாகப் போட்டால் தீர்ந்தது.

ரோலிக்குக் கோபம். வேகமாக ஓடுகிறதைக் கழற்றிவிட்டு மெதுவாக ஓடுகிறதை மாட்டுகிற முதல் பைத்தியம் நீதான் என்றான். அவள் ஸ்பேனரை எடுத்தாள். எஞ்சின் ஓடத் தொடங்கியதும், ஓரடி ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டராகக் காட்டிக் கேட்டாள். முன்பக்கம் இருந்ததில் சன்னமான ஒரு விசில். அச்சை மறுபடி பிரித்து, மறுபடி மாட்டி, விசில் அடங்கிய அன்று சாயங்காலம் கராஜுக்குள் தனியாக ஒரு சுற்று ஆடினாள்.

இந்த மூன்றிலும் ஒரு விஷயம் இருந்தது. சாதாரணமாக ஓட்டும்போது நடுவில் இருப்பது மட்டும் வேலை செய்யும். மிதியைப் பாதிக்கு மேல் அழுத்தினால், கம்பி இழுத்து ஓரங்களில் இருக்கும் இரண்டும் திறக்கும். அந்த இடத்தில் மிதி கொஞ்சம் இறுகி, சின்னதாக ஒரு கெட்டி காலில் தட்டும். அந்தக் கெட்டியைக் கால் மனப்பாடம் செய்துகொண்டால் போதும் என்று அவளுக்குத் தோன்றியது.

அவளுடைய கணவர் நோர்பர்ட் தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கார் என்றால் அவருக்கு நான்கு சக்கரம், ஒரு கதவு, அவ்வளவுதான். ஜூலை மாதம் முழுவதும் சாப்பாட்டுக்குப் பின் அவர் கராஜில் மூடியைத் தூக்கிய காருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். எஞ்சின் ஓடாது. லவர்ன் பேருந்து ஓட்டும் செருப்போடு மிதியை அழுத்துவாள், விடுவாள். அவர் ஊறுகாய் வெள்ளரிக்காயைக் கடித்தபடி ஓரத்து மடல்களைப் பார்த்து அறிவிப்பார்.

“திறந்துச்சு. மூடுச்சு. திறந்துச்சு. இப்ப இல்ல... மூடுச்சு. லவர்ன், இதுக்குக் குருவி வந்து கூவுற நம்ம குக்கூ கடிகாரமே தேவலாம்.”

ஆகஸ்ட்டுக்குள், கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கெட்டியின் மேல் காலை நிறுத்தத் தெரிந்துவிட்டது. பேருந்தில் சாறு தளும்பாமல் ஓட்டிய கால்தானே. கார் 13.41, 13.40, 13.42 என்று ஓடியது. லவர்ன் சுற்றுச் சுற்றாக ஜெயிக்கத் தொடங்கினாள்.

கடைசி ஞாயிறு வந்தது. அணியில் ஏழு பேர் முடிவாகிவிட்டார்கள். மூன்றாவது சுற்றில் லவர்னுக்கு எதிரே டெல்பர்ட் கிரிம். ஜெயிக்கிறவர் எட்டாவது.

மதியம் மேகம் திரண்டு காற்று சட்டென்று குளிர்ந்தது. குளிர்ந்த காற்றில் எஞ்சினுக்கு உற்சாகம் வந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். ரோலி ஷூ பாலிஷ் புட்டியோடு ஓடி வந்தான். 13.40-ஐ அழித்துவிட்டு 13.33 எழுதச் சொன்னான்.

“அழிக்காத,” என்றாள் லவர்ன்.

“மேகத்தப் பாத்தியா? முழுசா மிதிச்சா எழுதினத விட வேகமா போயிடுவ. மறுபடி அதே கதைதான்.”

“முழுசா மிதிச்சாத்தானே.”

ரோலி அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு புட்டியை மூடினான்.

பக்கத்து வரிசையில் டெல்பர்ட் தன் கண்ணாடியில் 11.60 எழுதியிருந்தார். தொடக்கக் கம்பத்து விளக்குகள் ஒவ்வொன்றாக இறங்கி, லவர்னுக்குப் பச்சை விழுந்தது. மிதி தரையைத் தொட்டது. மூன்று கார்புரேட்டர்களும் வாயைத் திறந்தன. முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது. பின்னால் ஒன்று புள்ளி எட்டு விநாடி கழித்து டெல்பர்ட் கிளம்பிய சத்தம் கேட்டது, அது நெருங்கியது, இன்னும் நெருங்கியது.

முக்கால் தூரம் தாண்டியதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது: இப்படியே போனால் 13.33. தோல்வி. டெல்பர்ட் காரின் பச்சை நிறம் அவள் கதவுக்குப் பக்கத்தில் எட்டிப் பார்த்தது. எதிரி காலை எடுத்தால் காரின் மூக்கு தாழும் என்பது அங்கே எல்லோரும் கண் வைத்துப் பார்க்கிற அடையாளம். மூக்கு தாழ்ந்தால் டெல்பர்டும் காலை எடுத்து, தான் எழுதியதைவிட வேகமாகப் போகாமல் தப்பித்துவிடுவார்.

லவர்ன் காலை மேலே விட்டாள். கெட்டி வரைக்கும் மட்டும். ஓரத்து இரண்டும் மூடிக்கொண்டன. நடுவில் இருந்தது இழுத்துக்கொண்டே இருந்தது. கார் மெலிதாகத் தளர்ந்தது, அவ்வளவுதான். மூக்கு ஒரு விரற்கடையும் தாழவில்லை. டெல்பர்டுக்கு எதுவும் தெரியவில்லை. அவளை எட்டிப் பிடிக்கிற வெறியில் கடைசி வரை மிதித்து, கோட்டை அவளுக்கு முன்னால் தாண்டினார்.

பலகையில் எண்கள் எரிந்தன. டெல்பர்ட்: 11.57, அவர் எழுதியதைவிட வேகம். லவர்ன்: 13.41. வெற்றி விளக்கு அவள் பக்கம்.

ஓட்டத்தின் முடிவில் இரண்டு கார்களும் திரும்புகிற இடத்தில் டெல்பர்ட் தன் ஜன்னலை இறக்கினார். அவருக்கு நம்ப முடியவில்லை.

“நான்தானே உன்ன முந்தினேன்.”

“ஆமா, நல்லா முந்தின. பள்ளிக்கூடம் திறக்கிறதுக்கு முன்னாடியே கொண்டுபோய் இறக்கிட்ட.”

டெல்பர்ட் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். “எப்ப காலை எடுத்த? மூக்கு இறங்கவே இல்லியே.”

“எடுக்கல. பாதிதான் எடுத்தேன். மூடியத் திறந்து காட்டுறேன், வா.”

அவர் வந்தார். மூடிக்கு அடியில் வெகு நேரம் குனிந்து நின்றார். மறுபடி மறுபடி கம்பியைக் கையால் இழுத்துப் பார்த்தார். இந்த மாதிரி மூன்று எங்கே கிடைக்கும் என்று அவர் மெல்லக் கேட்டது ரோலிக்கும் கேட்டது. தன்னிடம் இரண்டே கார்புரேட்டரில் எட்டு வாய் இருப்பதாக அவன் உடனே சொன்னான்.

சிவப்புச் சட்டை தோளில் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. லவர்ன் அதைக் கழற்றவில்லை. 13.40 என்ற எழுத்து கண்ணாடியில் இருக்க, நோர்பர்டைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, நடுவில் இருக்கும் ஒன்றை மட்டும் வைத்து நாற்பத்தைந்து மைல் வேகத்தில் வீட்டுக்கு ஓட்டினாள். மக்காச்சோள வயல்கள் இரண்டு பக்கமும். முன்னால் ஒரு வண்டியும் இல்லை.

நோர்பர்ட் தொண்டையைச் செருமினார்.

“லவர்ன், அந்த ஓரத்து ரெண்டு இருக்கே. அதையும் கொஞ்சம் திறந்து காட்டேன்.”

முப்பத்தாறு வருடத்தில் காரைப் பற்றி அவர் அவளிடம் கேட்ட முதல் விஷயம் அது. லவர்ன் அவருடைய இருக்கைப் பட்டை சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு கெட்டியைத் தாண்டி மிதித்தாள்.