அங்கே கிடைக்காதது

சிங்கப்பூரில் வேலைக்குப் போன மகள் முதல் முறையாக என்னையும் என் வீட்டுக்காரரையும் அங்கே வரச் சொன்னாள். டிக்கெட் போட்ட கையோடு ஒரு உத்தரவும் போட்டாள். "எதையும் மூட்டை கட்டிக்கிட்டு வராதீங்கம்மா. இங்க எல்லாமே கிடைக்குது."

எனக்குச் சுருக்கென்றது. எல்லாமே கிடைக்கிறதென்றால் அம்மா எதற்கு வருகிறாளாம்? அங்கே கிடைக்காத ஒரே ஒரு பொருளாவது இல்லாமல் அவள் வீட்டு வாசல்படி மிதிப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

தொட்டியத்தில் வாழை போட்டிருக்கும் என் தம்பி, தோட்டத்து ரஸ்தாளி தருவதாகச் சொன்னான். மகளிடம் சொன்ன சூட்டோடு போனில் படம் வந்தது. அங்கத்துக் கடை வாசலில் ரஸ்தாளித் தார் தொங்கிக்கொண்டிருந்தது. மணத்தக்காளி வற்றல் என்றேன், அதற்கும் படம். வெயிலில் மலைக்கோட்டைக் கடைவீதிக்குப் போய், பாத்திரக்கடையில் பணியாரக்கல்லைக் கையில் வைத்துக்கொண்டே மகளிடம் போனில் கேட்டேன். சின்னதும் பெரியதுமாகப் பணியாரக்கல் அடுக்கிய அலமாரியையே படம் பிடித்து அனுப்பினாள். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கல்லை வாங்கி உள்ளே வைத்தார்.

எனக்கு ரோஷம் வந்தால் சண்டை போட மாட்டேன். சொன்னதை அப்படியே கேட்டுவிடுவேன். என் வீட்டுக்காரர் பயப்படுவது அதற்குத்தான். பெட்டியில் மாற்றுப் புடவைகள், அவருடைய வேட்டி சட்டை, சோப்பு சீப்பு, அவ்வளவுதான். அவர் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். பிள்ளை வீட்டுக்கு யாராவது வெறுங்கையோடு போவார்களா என்று கேட்டார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எடமலைப்பட்டி புதூரில் ஒரு வீட்டுப் பெட்டியில் இடம் இருக்கிறதென்றால் தெருவுக்கே மூக்கு வேர்த்துவிடும். எதிர்வீட்டு அம்மா சிங்கப்பூரில் இருக்கும் தன் மகனுக்குப் புளிக்காய்ச்சல் கிண்டிக்கொண்டு வந்தார். பின்தெரு அக்கா, அங்கேயே இருக்கும் தன் மகளுக்கென்று முறுக்கும் கருவடாமும். அங்கேயே கிடைக்குமே என்று நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். புறப்படும் அன்று வீட்டுக்காரர் மேலே ஏறி உட்கார்ந்தபிறகுதான் பெட்டி மூடியது.

அங்கே போய்ச் சேர்ந்ததும் தண்ணீர்கூடக் கொடுக்காமல் மகள் பெட்டியைத் திறந்தாள். முறுக்குப் பொட்டலத்தை எடுத்து முகர்ந்தாள். வேண்டாம் என்றுதானே சொன்னேன் என்று சிரித்துக்கொண்டே முடிச்சை அவிழ்க்கப் போனாள். அது பின்தெரு அக்கா மகளுக்கு என்றேன். புளிக்காய்ச்சலை எடுத்தாள். எதிர்வீட்டுப் பையனுக்கு என்றேன். ஒவ்வொன்றாக எடுத்து, கேட்டுக் கேட்டுத் தரையில் வைத்தாள். பெட்டியில் துணிமணி மட்டும் மிஞ்சியது.

"எனக்கும்மா?"

"நீதானடி எல்லாம் கிடைக்குதுன்ன."

"கிடைக்குது," என்றாள். ஆபீசில் அத்தனை பேரை வேலை வாங்குகிறவள், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றாள். என் ரோஷத்தைக் கொண்டுபோய்க் காவிரியில்தான் போட வேண்டும்.

அப்போதுதான் கைப்பை ஞாபகம் வந்தது. பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போவதானாலும் வழிக்கு டப்பா கட்டாமல் எங்களுக்குக் கிளம்பத் தெரியாது. விமானத்தில் கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டதில், நான் கட்டிய மிளகாய்ப்பொடி இட்லி அப்படியே இருந்தது. காய்ந்து, ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தது. சூடு பண்ணித் தரட்டுமா என்றேன். அவள் டப்பாவை வாங்கி, ஊரார் பொட்டலங்களுக்கு நடுவில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தாள்.

அப்பாவுக்கு ஒன்று வைக்கச் சொன்னேன்.

"இது என்னோடது," என்றாள்.