ஐந்தாவது பவுல்

காலரி என்று பெயர்தானே தவிர அது வெறும் சிமெண்டுப் படிக்கட்டு; பங்குனி வெயிலில் காய்ந்து கிடந்த அந்தப் படியில் உட்கார்ந்ததும் பாவாடையைத் தாண்டிச் சுட்ட சூடு இன்றைக்கும் நினைவிருக்கிறது. காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரி மைதானம், பெண்கள் கூடைப்பந்து இறுதிப் போட்டி. என் அக்கா கோமதி ஆடுகிறாள் என்பதற்காகப் எங்கள் கிராமமான பெருநகரிலிருந்து ஒரு 'குட்டியானை' வண்டி நிறைய வந்து இறங்கியிருந்தோம். கபடியைத் தவிர வேறெதையும் ஆட்டமென்று மதிக்காத கூட்டம் அது. கூடைப்பந்தின் சட்டதிட்டம் எங்களுக்குத் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது.

அக்காவுக்கு அன்றைக்குக் கோப்பை பெரிதில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் மேற்படிப்புக்கு ஆள் பார்க்கச் சென்னைக் கல்லூரி ஒன்றிலிருந்து ஒருவர் வந்திருந்தார்; வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு எதிர்ப்புறம் உட்கார்ந்திருந்தார். இடம் கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் ஆவணியில் கல்யாணம் என்று நைனா சொல்லியிருந்தார். நைனா கெட்டவரில்லை, வந்த வரனைத் தட்டிக்கழிக்க ஊருக்குச் சொல்லும்படியாக அவருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அதனால் நாங்கள் பந்தைப் பார்த்ததைவிடத் தொப்பியைப் பார்த்ததுதான் அதிகம்.

முதல் பாதிக்குள்ளேயே நடுவர் அக்காவுக்கு நாலு பவுல் கொடுத்துவிட்டார். இடைவேளைக்குப் பிறகு ஆட்டம் தொடங்கியபோது அவள் களத்தில் இல்லை. பயிற்சியாளர் மேடம் அவளை ஓரத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்.

"நல்லா ஆடற பொண்ண வெளிய குந்த வெச்சிகினு இன்னா கோச்சிங் இது?" என்று எழுந்துவிட்டார் ஏகாம்பரம் மாமா. அம்மாவின் தம்பி, எங்கள் ஊர்க் கபடி அணிக்குப் பல காலம் கேப்டனாக இருந்தவர்.

"அஞ்சாவது பவுல் வந்தா திரும்ப உள்ள உடமாட்டாங்க, ஏகாம்பரம். கடைசிக்குன்னு பத்திரப்படுத்திகினு கீறாங்க" என்றார் காதர் பாய். உத்திரமேரூர் பஜாரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். அக்காவின் பந்துக்குக் காற்றடித்துக் கொடுத்தே அவளுக்கு ரசிகராகிப்போனவர். டிவியில் பார்த்ததாகச் சொன்னார்.

"திரும்ப உடமாட்டாங்களா? எந்த ஊரு நாயம் அது?" என்று மாமா ஒத்துக்கொள்ளவே இல்லை. கபடியில் எதிராளி ஒருவனை அவுட்டாக்கினால் வெளியே போன நம் ஆள் உள்ளே வந்துவிடுவான். அதை அப்படியே இங்கே பொருத்தி, "நம்ம பொண்ணுங்க ஒரு கூட போடட்டும், கோமதி உள்ள வந்துடுவா பாரு" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

கூடையும் விழுந்தது. அக்கா எழவில்லை. இன்னொன்று விழுந்தது, அப்போதும் இல்லை. "மேடம், பாயிண்டு வந்துச்சே, அனுப்பு!" என்று எங்கள் படிக்கட்டு மொத்தமும் கத்த, மேடம் ஒரே ஒரு முறை திரும்பி முறைத்தார். அதற்குள் எதிரணி ஆறு புள்ளி முன்னே போயிருந்தது. "அந்தாளு எயுந்து போய்டப் போறாரு, பாய்" என்றார் நைனா. தொப்பிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி நாலு நிமிடம் இருக்கும்போதுதான் மேடம் அக்காவின் தோளைத் தட்டி உள்ளே அனுப்பினார். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டி ஏதோ சொல்லி அனுப்பினார். "கையத் தூக்கிகினு மறிக்கணும், தொடக் கூடாது. அதான் கணக்கு" என்றார் பாய். அக்கா அப்படித்தான் நின்றாள், போலீசிடம் சிக்கியவள் மாதிரி. பந்து கைக்கு வந்தபோதெல்லாம் பறந்தாள். புள்ளிகள் நெருங்கி, சமமாகி, கடைசியில் நாங்கள் ஒன்று முன்னே போனோம். தொப்பிக்காரர் படியின் விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்தார். "மேடம் கெட்டிக்காரிதான்" என்று மாமாவே ஒத்துக்கொண்டார்.

ஆட்டம் முடியச் சில நொடிகளே இருந்தன. எதிரணியின் உயரமான பெண் பந்தைத் தட்டிக்கொண்டு வந்தாள். அக்கா கையைத் தூக்கிக்கொண்டு அவளுக்கு எதிரே நின்றாள். அவ்வளவுதான், மாமாவுக்குள் இருந்த கேப்டன் விழித்துக்கொண்டார்.

"புடி! புடி, உடாத!"

அடுத்த நொடியே ஊர் மொத்தமும் சேர்ந்து அதையே கத்தியது. நானும் கத்தினேன். சின்ன வயதில் அறுப்பு முடிந்த கழனியில் பையன்களோடு கபடி ஆடி வளர்ந்தவள் அக்கா. அந்தக் குரலைக் கேட்டால் தானாக இறங்கிவிடும் கைகள் அவளுடையவை. இறங்கின. ஓடிவந்த பெண்ணின் இடுப்பை வளைத்து, அப்பழுக்கில்லாத ஒரு கபடிப் பிடியாகப் பிடித்தாள்.

விசில். ஐந்தாவது பவுல். எதிரணிக்கு யாரும் மறிக்காத இரண்டு வீச்சு, போதாததற்குப் பந்தும் அவர்களுக்கே. இரண்டும் உள்ளே விழுந்தன. ஒரு புள்ளியில் தோற்றோம். தொப்பிக்காரர் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். 'வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை' என்று மறுநாள் ஊரெல்லாம் பேசினார்கள். யார் உடைத்தது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது வண்டி ஓரிக்கை தாண்டியதும் அக்காதான் வாயைத் திறந்தாள். "அவ்ளோ சத்தத்துல எனக்கு உன் கொரலு மட்டுந்தான் கேட்டுச்சு, மாமா." குற்றமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. அக்கா வாலாஜாபாத்தில் நன்றாகத்தான் இருக்கிறாள். அந்த நாளைப் பற்றிக் கேட்டால் "போவுது போ" என்று சிரித்துவிடுவாள். ஆனால் பந்தை அவள் மறுபடி தொட்டு நான் பார்த்ததில்லை. அந்த மைதானத்துக்கு இப்போது கூரையும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் வந்துவிட்டன. காதர் பாய் இல்லை. ஆட்டம் பார்க்க வண்டி கட்டிக்கொண்டு போகும் வழக்கமும் இல்லை, அவரவர் கைபேசியில் பார்த்துக்கொள்கிறார்கள்.

போன மாதம் அதே இடத்தில் அக்கா மகளின் பள்ளி அணி ஆடியது. மாமாவையும் அழைத்துப் போயிருந்தோம். ஆட்டம் இழுபறியாக இருந்தது. எல்லோரும் கத்தினோம், மாமா மட்டும் வாயைத் திறக்கவில்லை. அக்கா அவர் முழங்கையை இடித்து, "கத்து மாமா, ஒண்ணும் ஆவாது" என்றாள்.

"வேணாம்மா" என்றார் மாமா. "கொயந்த மேடம் சொல்றத கேக்கட்டும்."