காற்றுக் குடிக்கிற வண்டி

எங்கள் மாமாவின் காரில் தண்ணீர் ஊற்ற இடமே கிடையாது. முன்பக்க மூடியைத் திறந்தால் பை வைக்கிற பெட்டிதான் இருக்கும். இஞ்சின் பின்னால், ஆமை முதுகு மாதிரி வளைந்த மூடிக்குக் கீழே. ரேடியேட்டரே இல்லாத அந்த வண்டியைப் பார்த்து நாட்றாம்பாளையத்தில் சிரிக்காத ஆள் இல்லை. "அப்ப என்னத்தடா குடிக்குது?" என்று கேட்பார்கள். "காத்தத்தான்" என்பார் மாமா. அப்படித்தான் அதற்குக் காற்றுக் குடிக்கிற வண்டி என்று பெயர் வந்தது.

மாமா என் அம்மாவின் தம்பி. ஓசூரில் ஒரு பட்டறையில் வேலை, கல்யாணம் ஆகவில்லை. பூந்தோட்டக்காரர் ஒருவரின் கொட்டகையில் கோழி அடைந்துகொண்டிருந்த அந்தப் பழைய காரை வாங்கி, இரண்டு வருடம் அதோடு மல்லுக்கட்டி ஓட வைத்தார். பெண் பார்க்கக் கூப்பிட்டால்கூட இன்றைக்கு எண்ணெய் மாற்றுகிற நாள் என்று நழுவிவிடுவான் என்று அப்பா கிண்டல் செய்வார். அப்பா விருதுநகர்ப் பக்கத்துக்காரர். தொழிற்சாலை வேலைக்காக மத்திகிரியில் வாடகைக்குக் குடியிருந்தோம்.

ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் மாமா வட்டமாக ஒரு மீட்டர் பொருத்தியிருந்தார். இஞ்சின் எண்ணெயின் சூட்டைக் காட்டும் மீட்டர். தொண்ணூறு என்றால் நல்லது, நூற்றுப் பத்து கவலை, நூற்று முப்பது ஆபத்து. அதற்கு மேல் போனால் எண்ணெய் தண்ணீராக இளகி, இஞ்சின் இறுகிவிடுமாம். முன் சீட்டில் உட்கார்ந்து அதன் முள் காட்டும் அளவை அவ்வப்போது படித்துச் சொல்வது என் உத்தியோகம். ஒன்பது வயதில் அதைவிடப் பெரிய பதவி எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் ஊரான நாட்றாம்பாளையத்துக்கு அதே காரில்தான் போயிருந்தோம். மறுநாள் காலை வேலைக்குத் திரும்ப வேண்டியவர், சும்மா இருக்கமாட்டாமல் ராகித் தாள் போரைப் பிரித்து அடுக்க இறங்கினார் அப்பா. அன்றைக்கே காலை பத்து மணி இருக்கும். கடிபட்ட கையை உதறிக்கொண்டு போரை விட்டு ஓடி வந்தார். போருக்கு அடியிலிருந்து நல்ல பாம்பு ஒன்று போனதை நானே பார்த்தேன்.

செல்போன் சிக்னல் அந்த மலைக்கு வராத காலம் அது. காலை பஸ் போய்விட்டது, அடுத்தது மத்தியானம்தான். விஷ முறிவு ஊசி போடுகிற ஆஸ்பத்திரி, அஞ்செட்டி தாண்டிக் காட்டு வழியாக மலை ஏறினால் அந்தப் பக்கம். மாமா உடனே வண்டியை எடுத்தார். பின் சீட்டில் அம்மாவின் மடியில் அப்பாவைப் படுக்க வைத்தார்கள். நான் என் வழக்கமான இடத்தில் உட்கார்ந்துகொண்டேன். வேறு எங்கே உட்காருவது என்று யாரும் சொல்லவில்லை.

மலை அடிவாரத்தில் அப்பாவுக்குக் குமட்டியது. மாமா வண்டியை ஓட விட்டபடியே நிறுத்தி இறங்கினார். அம்மாவும் அவருமாக அப்பாவைப் பிடித்துக்கொண்டார்கள். "துண்ட நனைச்சிட்டு வாடி" என்று அம்மா என்னை விரட்டினாள். பாலத்துக்கு அடியில் ஓடிய தண்ணீரில் அப்பாவின் துண்டை நனைத்துக்கொண்டு நான் மேலே ஏறுவதற்குள் அப்பாவை மறுபடி உள்ளே படுக்க வைத்துவிட்டார்கள். அம்மா தன் முந்தானையாலேயே அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னையும் துண்டையும் அவள் மறந்துவிட்டாள்.

நான் காரின் பின்னால் நின்றேன். இறங்கும்போதே மீட்டரில் நூற்றுப் பத்தைப் பார்த்திருந்தேன். மூடியைத் தொட்டால் கை சுட்டது. எனக்குக் காய்ச்சல் வந்தால் அம்மா நெற்றியில் ஈரத்துணி போடுவாள், ஒரு மணி நேரத்தில் சூடு இறங்கிவிடும். பின் கண்ணாடிக்குக் கீழே மூடியில் வரிசையாகச் சின்னச் சின்னச் சந்துகள் இருக்கும். அவற்றின் மேல் ஈரத் துண்டை மடித்து விரித்தேன். அது கீழே விழாமல் தானாகவே பச்சென்று ஒட்டிக்கொண்டது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஏதோ ஒரு உபகாரம் செய்துவிட்ட நிம்மதியோடு ஓடி வந்து முன் சீட்டில் ஏறினேன்.

வண்டி மலை ஏறத் தொடங்கியது. "நூத்திப் பதினஞ்சு மாமா" என்றேன். இரண்டு வளைவு கழித்து, "நூத்தி இருபத்தஞ்சு." மாமா மீட்டரைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது, காரணம் தெரியவில்லை. "இப்ப அத யாருடி கேட்டா?" என்று பின்னாலிருந்து அம்மா கத்தினாள். அப்பாவால் கண் இமையைத் தூக்க முடியவில்லை. நாக்குக் குழறியது. முள் நூற்று முப்பதைத் தாண்டியபோது நான் சொல்லவில்லை. அதற்குள் தீய்ந்த எண்ணெய் வாடை வந்தது. இஞ்சின் முனகிக்கொண்டு இழுக்க மறுத்தது. மாமா ஓரமாக நிறுத்தினார்.

இறங்கிப் பின்னால் போனவர் கொஞ்ச நேரம் வரவில்லை. வந்தபோது கையில் ஏதோ ஒரு துணிச் சுருட்டு இருந்தது. அதைத் தன் சீட்டுக்கு அடியில் திணித்தார். எண்ணெய் துடைக்கிற துணி என்று நினைத்தேன். என்னை ஒரு தரம் பார்த்தார், உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"எட்றா வண்டிய!" என்றாள் அம்மா.

"இப்ப எடுத்தா இஞ்சின் இறுகிப் புடிச்சுக்கும்க்கா. அப்புறம் எங்கயும் போக முடியாது."

அம்மா தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு இஞ்சின் பக்கம் ஓடினாள். மாமா குறுக்கே நின்று கேனைப் பிடுங்கினார். "ஊத்தாதக்கா, வெடிச்சிரும்!" அம்மா அவர் மார்பில் அடித்தாள். "எம்புருசன விட உனக்கு இந்த இஞ்சின் பெருசாடா?" என்று கேட்டாள். மாமா கேனைக் கீழே வைத்தார். வளைவு வரை ஓடிப் போய், ஏறி வருகிற வண்டி ஏதாவது உண்டா என்று பார்த்தார். புளி மூட்டை ஏற்றிய லாரி ஒன்று எதிரே இறங்கிப் போனதே தவிர எதுவும் ஏறவில்லை. அரை மணி நேரம் அங்கேயே கிடந்தோம். பிறகு வண்டி கிளம்பியது. முள்ளும் இறங்கி நூற்றில் நின்றது. நான் அதைச் சொல்லவில்லை.

அப்பா ஆஸ்பத்திரியில் ஒரு மணி நேரம்தான் உயிரோடு இருந்தார். இன்னும் அரை மணி முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, முடிக்காமல் போய்விட்டார்.

வராந்தாவில் உட்கார்ந்திருந்த என் முன்னால் மாமா வந்து குந்தினார். "கண்ணு, யாரு கேட்டாலும் மாமாதான் வண்டிய நிறுத்திட்டாரு, தண்ணி ஊத்தவும் விடலன்னு சொல்லு. வேற ஒண்ணும் சொல்லாத, என்ன?" என்றார்.

அப்படியே சொன்னேன். இழவு வீட்டில் ஒவ்வொரு பெண்ணும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு அதைத்தான் கேட்டாள். பள்ளிக்கூடத்துப் பாடம் போல ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தேன். அம்மா தம்பி உறவை அன்றோடு அறுத்துவிட்டாள். நான் பெரியவளானபோது மாமா சீர்த் தட்டோடு வாசலில் வந்து நின்றார். அம்மா அவரை உள்ளே கூப்பிடவில்லை. "நீயே திருப்பிக் குடுத்தனுப்புடி" என்றாள். அவர் நீட்டிய தட்டை வாங்கி, திருப்பி அவர் கையிலேயே வைத்தேன். என் அப்பாவைக் கொன்றவர் கொண்டுவந்த பட்டுப்பாவாடை எனக்கு எதற்கு? மனதார அப்படித்தான் நினைத்தேன். அவர் வாங்கிக்கொண்டு, துணி கலையாமல் சரி செய்து, நடந்து போனார்.

படிப்பு முடிந்து, ஓசூரில் ஏர் கம்ப்ரசர் செய்கிற ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். முதல் வாரப் பயிற்சியில், காற்றால் குளிரும் மெஷினை ஏன் மூடி வைக்கக்கூடாது என்று சூப்பர்வைசர் அக்கா செய்து காட்டினார். காற்று உள்ளே போகிற சந்துகளின் மேல் ஒரு அட்டையை வைத்துக் கையை எடுத்தார். அட்டை விழவில்லை. பச்சென்று ஒட்டிக்கொண்டது. "பாருங்க, அதோட மூச்ச அதுவே அடைச்சுக்குது" என்றார். எல்லோரும் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முள் ஏறியது. நான் எல்லோருக்கும் முன்னால் போய் அந்த அட்டையைப் பிடுங்கினேன்.

அடுத்த ஞாயிறு அம்மாவிடம் சொல்லாமல் நாட்றாம்பாளையம் போனேன். மாமா பட்டறை வேலையை எப்போதோ விட்டுவிட்டு வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். காரைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டார். கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் கட்டிலில் இருந்த மூட்டையை அவசரமாக இறக்கி இடம் ஒதுக்கினார். நான் உட்காராமல், அந்தத் துண்டைப் போட்டது நான்தான் மாமா என்றேன்.

"எந்தத் துண்டு?" என்றார்.

அன்றைக்கு அடிவாரத்தில் என்று ஆரம்பித்தேன். அவர் என்னை முடிக்க விடவில்லை. "துண்டு கிண்டு ஒண்ணும் இல்ல கண்ணு. நாந்தான் நிறுத்துனேன். வெயில்ல வந்திருக்க, மோர் குடி. அக்கா நல்லாருக்காளா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

மோர் கொண்டுவர அவருக்கு வெகுநேரம் பிடித்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் தன்னைக் காட்டிக்கொடுக்கத்தான் சொல்லித் தருகிறார் என்று ஒன்பது வயதில் நினைத்தேன். என்னை மறைத்து வைக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை.