தெரு ஜன்னலுக்கு ஒரு திரை

எனக்குச் சின்ன வயதிலிருந்தே வாய் நீளம். கண்ணில் பட்டதைச் சொல்லாவிட்டால் சோறு இறங்காது. அந்த வாயை அம்மா ஒரே ஒரு முறை முந்திரிப் பருப்பை வைத்து அடைத்திருக்கிறாள். எங்கள் வீட்டுத் தெரு ஜன்னலுக்குத் திரை பார்த்த அன்றைக்கு நடந்தது அது.

ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அது சண்டைக்காலம். எங்கோ வெள்ளைக்காரன் சண்டை போட்டதற்கு எங்கள் ஊரில் துணி கிடைக்கவில்லை. கார்டுக்கு அளந்து கொடுக்கிற துணி உடம்பை மறைக்கவே பற்றாது, இதில் ஜன்னலை எங்கே மறைப்பது? தவிரவும் ஜன்னலுக்குத் துணி கட்டுகிற வழக்கமே ஊரில் கிடையாது. படுதா என்றால் கூத்துக்காரர்கள் கட்டுவது என்றுதான் எனக்குத் தெரியும்.

அந்தப் பேச்சே அத்தையால்தான் வந்தது. அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமாகிப் போன மறுவருஷமே மாமா வாந்திபேதியில் போய்விட, வெள்ளைச் சேலையோடு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்திருந்தாள். இருபது வயதுகூட இருக்காது. வாசல் பக்கம் வரக்கூடாது, யாராவது கிளம்பும்போது எதிரே படக்கூடாது, கோயில் திருவிழா எதுவும் கிடையாது. சர்க்கார் சட்டத்தை மீறினவர்கள்கூட எங்கள் வகையறாவில் உண்டு, இதை மீறினவர்கள் கிடையாது. அவளுக்கென்று மிஞ்சியது அந்தத் தெரு ஜன்னல் ஒன்றுதான். மடியில் முறத்தை வைத்துக்கொண்டு முந்திரிப் பருப்புக்குத் தோல் உரித்தபடி பகலெல்லாம் அங்கே உட்கார்ந்திருப்பாள். யார் வீட்டு மாடு சினை, யாருக்குப் புதுச்செருப்பு என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அது பெரியப்பாவின் கண்ணை உறுத்தியது. அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் அவர், எதிர்ச்சாரியில் வீடு.

"தம்பி, தாலியறுத்த பொண்ணு தெருவைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா நல்லாவா இருக்கு? வண்டி கட்டிக்கிட்டுப் போறவன் எல்லாம் அது மூஞ்சிலல்ல முழிச்சிட்டுப் போறான். பேசாம சன்னலுக்குப் பலகை அடிச்சிடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா பெரியவர்களை எதிர்த்துப் பேசுகிறவர் அல்ல. தச்சரை வரச் சொல்வதாகத் தலையாட்டினார். அத்தை அன்றைக்குச் சாப்பிடவே வரவில்லை.

அம்மா அப்பாவுக்குச் சோறு போட்டபடியே பேச்சை எடுத்தாள். "ஏங்க, பலகை அடிச்சா சித்திரை வெயில்ல உள்ள இருக்கறவ வெந்துல்ல போயிடுவா. ஆளு வெளிய தெரியக்கூடாது, அவ்வளவுதானே? காத்து வர்ற மாதிரி எதையாச்சும் கட்டிப் பாப்போம். நீங்களே தெருவுல நின்னு பாருங்க. தெரிஞ்சா பலகையே அடிச்சிடுங்க."

அப்பா ஒப்புக்கொண்டார். மறுநாள் உச்சிவெயிலில் பரீட்சை. அப்பா தெருவில் நின்றார். அத்தை உட்காருகிற இடத்தில் என்னை உட்கார வைத்தார்கள். அத்தை அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு, பலகையா துணியா என்று தன் தலைவிதி தீர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் சாக்கு. அப்பாவுக்கு உடனே பிடித்துவிட்டது. "ஒண்ணுமே தெரியல. இதே போதும்" என்றார். அம்மா, "முந்திரிக்கொட்டை அடைச்ச சாக்குங்க. எண்ணெ ஊறியிருக்கு, மேல பட்டா தோலு புண்ணாயிடும்" என்று அவிழ்த்துவிட்டாள். அடுத்தது பனையோலைத் தட்டி. அதுவும் அப்பாவுக்குப் பிடித்தது. ஆனால் ஓலை என்றதும் அம்மாவுக்குப் பூரான் பயம் வந்துவிட்டது. கொல்லையில் பாம்பையே விறகுக்கட்டையால் அடித்துப் போட்டவள் அவள்.

கடைசியில் பெட்டியைத் திறந்து தன் கருநீலச் சேலையை எடுத்தாள். துவைத்துத் துவைத்து வெங்காயச் சருகு மாதிரி ஆகியிருந்தது. ஆனாலும் கிழிசல் கிடையாது, விசேஷத்துக்குக் கட்டுகிற சேலை. துணிப் பஞ்சத்தில் அதைப் போய் ஜன்னலுக்குக் கொடுக்கிறாளே, புத்தி கெட்டுப்போயிற்றா என்று எனக்குக் கோபம் வந்தது. அம்மா அதை மடிக்காமல் ஒற்றையாகக் கட்டினாள்.

"இப்பத் தெரியுதாங்க?"

அப்பா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். நெற்றியில் கையை வைத்துக்கொண்டு கிட்டத்தில் வந்தும் பார்த்தார். "பாப்பா உக்காந்திருக்கா, எந்திரிச்சுப் போயிட்டாளா?"

"உக்காந்துதான் இருக்கா."

"ஒண்ணும் புலப்படல. ஒரே நீலமா இருக்கு."

ஆனால் எனக்கு அப்பா நன்றாகத் தெரிந்தார். அவர் மீசை, தோள் துண்டு, பின்னால் பெரியப்பா வீட்டுக் கன்றுக்குட்டி, எல்லாம் தெரிந்தது. நானாவது, சொல்லாமல் இருப்பதாவது? "அப்பா, எனக்கு நீங்க..." என்று வாயைத் திறந்தேன். அம்மா முறத்திலிருந்து ஒரு பிடி பருப்பை அள்ளி என் வாயில் திணித்தாள். பொங்கலன்றுகூட அவள் கை அவ்வளவு தாராளமாக இருந்ததில்லை. நான் காரணம் கேட்காமல் மென்றேன்.

வெயிலில் நிற்பவருக்கு உள்ளே தெரியாது, நிழலில் இருப்பவளுக்கு வெளியே தெரியும். பகலெல்லாம் வீட்டுக்குள் கிடக்கிற எந்தப் பெண்ணுக்கும் இது தெரியும். ஆண்கள் பகலில் உள்ளே உட்கார்ந்தால்தானே தெரிவதற்கு.

அப்பா உள்ளே வந்தார். என்னை நகரச் சொல்லிவிட்டு என் இடத்தில் குந்தினார். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. பெரியப்பா குடை பிடித்துக்கொண்டு தெருவில் போனதை நான் பார்த்தேன். அப்பாவும் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து எழுந்தார்.

"காத்து நல்லா வருது. இதே இருக்கட்டும்" என்றார். செருப்பை மாட்டும்போது, "விளக்கு வெச்சதும் சன்னல் கதவைச் சாத்திடுங்க" என்றும் சொன்னார். உள்ளே வெளிச்சம் வந்தால் அந்தத் துணி கட்சி மாறிவிடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அத்தை அடுப்படிக்குள் போய் அழுதாள். நல்ல சேலை போயிற்றே என்று அழுகிறாளாக்கும் என்று நினைத்தேன்.

வைகாசியில் சாமி தெருவுக்கு வந்தது. காலை வேளை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சப்பரத்தை நிறுத்தித் தீபாராதனை காட்டுவார்கள். எங்கள் வாசலை மெழுகி, அம்மா தெருவிலேயே பெரிய கோலமாகப் போட்டிருந்தாள். நானும் கூடவே உட்கார்ந்து காவி தீட்டியிருந்தேன். சப்பரம் கோலத்தருகே வந்தபோது அப்பா கையைக் காட்டினார்.

"இங்க பள்ளமா இருக்குப்பா. கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க."

தூக்கி வந்தவர்கள் நகர்ந்து, நீலச் சேலை கட்டிய ஜன்னலுக்கு நேரே நிறுத்தினார்கள். "வாசலை வுட்டுட்டு இது என்ன தம்பி?" என்றார் பெரியப்பா. "பள்ளம்ணே" என்றார் அப்பா. எப்போதும் சாமிக்கு நேரே நின்று கும்பிடுகிறவர், அன்றைக்குச் சுவரோரமாக ஒதுங்கி நின்றார். சூடம் அணையும்வரை சப்பரத்தைக் கிளப்பவும் விடவில்லை.

எங்கே பள்ளம்? தரை உள்ளங்கை மாதிரி இருந்தது, உட்கார்ந்து காவி தீட்டின எனக்குத் தெரியாதா? கேட்க வாயெடுத்தேன். அம்மா பார்த்த பார்வையில் அடங்கிப்போனேன். நானும் அவளும் பாடுபட்டுப் போட்ட கோலத்தைச் சாமி பார்க்காமலே போய்விட்டதே என்று அன்று முழுக்க எனக்கு அப்பாவின் மேல் கோபம்.