மூன்று தடவை பிடித்த டிக்கெட் காசு

எண்பதுகளின் தொடக்கத்தில் ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் சின்னக் கிராணியாக, அதாவது ஆபீஸ் எழுத்தராக இருந்தேன். பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிட வேண்டாம். விடியற்காலையில் ஆட்களின் பெயரைப் பதிவது, அவர்கள் பறித்த கொழுந்தின் எடையை எழுதுவது, மாதக் கடைசியில் சம்பளத்தைக் கணக்குப் போடுவது, இவ்வளவுதான் வேலை. ஆனால் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்ததால் என்னைவிட இருபது வயது மூத்தவர்களும் என்னை ஐயா என்றுதான் கூப்பிட்டார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. நான் சொல்லப்போகும் விஷயத்தில் எனக்கு நல்ல பெயர் கிடைக்காது. கிடைக்கவும் கூடாது.

தைப்பூசத்துக்கு ஈப்போ முருகன் கோயிலுக்குப் போக ஆண்டுதோறும் தோட்டத்தில் பஸ் பிடிப்பார்கள். தலைக்குப் பத்து வெள்ளி; அங்கே பணத்தை வெள்ளிக் கணக்கில்தான் சொல்வோம். அதை யாரும் கையில் கொடுப்பதில்லை, அந்த மாதச் சம்பளத்தில் ஆபீஸே பிடித்துக்கொள்ளும். யார் யார் வருகிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்கும் வழக்கமும் இல்லை. வேலை செய்யும் இடத்திலேயே கேட்டுவிடுவார்கள். கொழுந்து பறிப்பவர்களிடம் அவர்களுடைய கங்காணி கேட்பார், மருந்தடிப்பவர்களிடம் இன்னொரு கங்காணி, தொழிற்சாலையில் அங்கிருக்கும் கிராணி. எல்லாப் பட்டியலும் கடைசியில் என் மேசைக்கு வரும்.

தொழிலாளர் வீட்டு வரிசைகளில் நாலாம் லயத்தில் ஒரு குடும்பம் இருந்தது. கணவர் தொழிற்சாலையில் தேயிலை காய வைக்கும் சூட்டில் நிற்பவர். மனைவி கொழுந்து பறித்தார். கணவரின் தம்பி மருந்தடித்தான். ஒரே மகள், தானா ராத்தா பள்ளியில் ஐந்தாம் பாரம், அரசாங்கப் பரீட்சை எழுதும் வகுப்பு, படித்துக்கொண்டிருந்தாள். அந்த லயத்தில் அவ்வளவு தூரம் படித்த பெண் அவள் ஒருத்திதான்.

மூன்று இடத்திலும் மூன்று பேரையும் கேட்டார்கள். மூவரும் தனித்தனியாக, "எங்க வீட்டுக்கு நாலு" என்றார்கள். இதில் அவர்கள் தப்பு எதுவும் இல்லை. அவர்களுக்கு ஆபீஸ் என்பது ஒன்றுதான். ஒரே ஆபீஸ் மூன்று தடவை கேட்டது, மூன்று தடவையும் ஒரே உண்மையைச் சொன்னார்கள். மேலும் ஆபீஸிலிருந்து கேட்டால் "ஏற்கெனவே சொல்லியாச்சு" என்று பதில் பேசிப் பழக்கப்பட்டவர்கள் அல்ல அவர்கள். மூன்று பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தவன் நான். மூன்றிலும் அதே லயம், அதே வீட்டு எண். ஒத்துப் பார்க்காமல் அப்படியே கூட்டிப் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன்.

பஸ்ஸில் நானும் போனேன். எட்டு இருக்கை காலியாக இருந்தது. யாரோ வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, காலை நீட்டிக்கொண்டு தூங்கினேன்.

சம்பளம் போட்ட மறுநாள் அந்தக் கணவர் ஆபீஸுக்கு வந்தார். படியில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"ஐயா, டிக்கெட்டு காசு எனக்கு நாப்பது வெட்டியிருக்கு. வீட்லயும் நாப்பது வெட்டியிருக்கு. தம்பிக்கும் நாப்பது. நாங்க நாலு பேருதான்யா போனோம்."

மூன்று பேரின் சம்பளச் சீட்டுகளையும் வாங்கிப் பார்த்தேன். பார்த்தவுடனே புரிந்துவிட்டது. ஆனாலும், "பாத்து சொல்றேன்" என்றேன்.

"கொஞ்சம் சீக்கிரம் பாருங்கய்யா. மகளுக்குப் பரீட்சக் காசு கட்டணும். அறுபத்தஞ்சு வெள்ளி. அடுத்த வெள்ளிக்கெழமதான் கடைசின்னு ஸ்கூல்ல சொல்லிட்டாங்க. இந்த மாசச் சம்பளத்துலதான் கட்டலாம்னு வச்சிருந்தோம்."

என் மேலதிகாரியான பெரிய கிராணியிடம் போய்ச் சொன்னேன். என் தப்பு என்று சொல்லவில்லை. பட்டியலில் குழப்பம் என்று பூசி மெழுகினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பஸ்காரனுக்குக் காசு போயிருச்சு தம்பி. அவன் திருப்பிக் குடுத்தா நாம குடுக்கலாம். அவன் குடுக்காம நாம எங்கேருந்து குடுக்கறது?"

"பஸ்காரன் குடுப்பானா சார்?"

"எழுதிப் பாரு. தொரை கையெழுத்தும் வேணும்லா. அவரு லீவுல போயிருக்காரு."

துரை என்றால் தோட்ட மேனேஜர். பஸ்காரருக்கு எழுதினேன். தாப்பாவிலிருந்த அவர், இருக்கைகளை ஒதுக்கித்தான் வைத்திருந்தோம், ஆள் ஏறாதது எங்கள் பொறுப்பில்லை என்று பதில் போட்டார். அந்தப் பதில் வந்து சேர்வதற்குள் அந்த மனிதர் நாலு தடவை வந்துவிட்டார். தொழிற்சாலையில் ஷிப்டு முடிந்து நேராக வருவார். உடம்பெல்லாம் தேயிலைத் தூசி இருக்கும். ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்கும் கோபம் வந்திருக்கும், அதில் கொஞ்சம் ஆறுதல் கிடைத்திருக்கும். அவர் கால் கடுக்க நின்றுவிட்டு, "சரிங்கய்யா, நாளைக்கு வரேன்" என்று போவார்.

வேறு இடத்தில் அவரால் காசு புரட்ட முடியவில்லை. மூன்று பேர் சம்பளமும் ஒரே மாதத்தில் குறைந்திருந்தது. ரிங்லெட் மளிகைக்கடைச் சீனர் அரிசி கடனாகத் தருவார், காசு தரமாட்டார். லயத்தில் அக்கம்பக்கத்தார் எல்லோரும் தைப்பூசச் செலவில் கை காய்ந்து கிடந்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் மனைவி வந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. கூடையை இறக்காமலே நின்றார்.

"ஐயா, இன்னிக்குத்தான் கடைசி. பிள்ள ஸ்கூலுக்குப் போயிருச்சு. யாராவது மத்தியானத்துக்குள்ள கொண்டாந்து குடுத்துருவாங்கன்னு சொல்லி அனுப்பியிருக்கேன்."

என் அறையில் பெட்டிக்குள் இருநூறு வெள்ளிக்கு மேல் இருந்தது. மோட்டார் சைக்கிள் வாங்க முன்பணமாகச் சேர்த்தது. அதிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, பிறகு பஸ்காரர் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பேசாமல் இருந்திருக்கலாம். அந்த யோசனை வராமல் இல்லை. வந்தது. கொடுத்தால் என் தப்பு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும், பெரிய கிராணி கேட்டால் என்ன சொல்வது, நாளைக்கு இன்னும் பத்துப் பேர் வந்து நின்றால் என்ன செய்வது என்று எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடினேன். பள்ளியில் தலைமையாசிரியரிடம் சொன்னால் ஏழைப் பிள்ளைகளுக்கான நிதியிலிருந்து ஏதாவது செய்வார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆபீஸில் டெலிபோன் இருந்தது. அந்த அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்த நான் வாயைத் திறக்கவில்லை.

"தொரை வந்தாதான்மா ஆகும்" என்றேன்.

அவர் கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விட்டார், எடை குறைந்தால் அதற்கும் சம்பளத்தில் வெட்டு உண்டு.

காசு கட்டாதவர்களை வகுப்பில் எழுந்து நிற்கச் சொன்னார்களாம். நின்றவள் இவள் ஒருத்தி. திங்கட்கிழமை அவள் பள்ளிக்குப் போகவில்லை, அதற்குப் பிறகும் போகவில்லை. அடுத்த வருஷம் எழுதலாம் என்று ஆசிரியர் ஒருவர் லயத்துக்கே வந்து சொல்லிப் பார்த்தாராம். இதெல்லாம் கங்காணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் அந்தப் பக்கம் போகவில்லை. லயத்தில் சந்தா வசூலிக்கும் நாளில்கூட வேறு ஆளை அனுப்பிவிட்டேன். கோழைத்தனம் என்பதைத் தவிர இதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

துரை திரும்பி வந்தார். நான் நீட்டிய தாளை ஒரு நிமிடம்கூடப் படிக்கவில்லை. "இதற்கு ஏன் பஸ்காரனைக் கேட்டீர்கள்? ஆபீஸிலிருந்தே கொடுத்திருக்கலாமே" என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பெரிய கிராணி ஜன்னல் பக்கம் பார்த்தார்.

அடுத்த சம்பள நாளில் எண்பது வெள்ளியைத் தனியாக எண்ணி அந்தக் கணவரிடம் கொடுத்தேன். அவர் பெருவிரலை மையில் ஒற்றிப் புத்தகத்தில் வைத்தார். காசை எண்ணிப் பார்க்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"ரொம்ப நன்றிங்கய்யா. எங்களுக்காக எம்புட்டு அலைஞ்சிருக்கீங்க."

அவர் மனதாரத்தான் சொன்னார். அதைக் கேட்டு நான் செத்துப்போனேன்.

அவருக்குப் பின்னால் வரிசையில் அவருடைய மகள் நின்றாள். கொழுந்து பறிக்கப் போய் வாங்கும் முதல் சம்பளம். தலையில் கட்டிய துணியை அவிழ்க்கவில்லை. விரல் நுனிகள் அதற்குள் கறுத்துப்போயிருந்தன. பழக்க தோஷத்தில் மைப்பெட்டியை அவள் பக்கம் தள்ளினேன். அவள் அதை நகர்த்தி வைத்தாள். என் கையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கி, தன் முழுப் பெயரையும் ஆங்கிலத்தில், கோணாமல், மெதுவாக எழுதிக் கையெழுத்திட்டாள். பேனாவை மூடித் திருப்பித் தந்தாள்.

நான் அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.