பதினேழாம் எண்ணுக்கு எதிரே

செவ்வாய்க்கிழமை மதியம். மறுநாள் வகுப்புக்கான வருகைப் பதிவேட்டில் கோடு போட்டுப் பேர் எழுதிக்கொண்டிருந்தேன். பதினேழாவதாக 'பழனியம்மாள்' என்று எழுதி முடித்தபோது போன் அடித்தது. அவள் கணவர் மாதேஷ். "பழனி போயிட்டாளுங்க சிஸ்டர்" என்றார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஒரு நாள், ஒரே ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா என்று அந்தப் பேரைப் பார்த்துத் திட்டினேன்.

இருபது வருடத்துக்கு மேல் இந்த மைசூர் மருத்துவமனையில் அவளோடு வேலை பார்த்தேன். அவளிடம் திட்டு வாங்காத நர்ஸ் நம்மில் யார்? ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நம் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு இத்தனை மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்தோம் என்று சான்றிதழ் காட்ட வேண்டும். அந்த வகுப்புகளின் பதிவேடு அவள் கையில் இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். காலையில் ஒரு கையெழுத்து, சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, எல்லாம் முடிந்ததும் இன்னொன்று. நடுவில் நழுவலாம் என்றால் கதவை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். "சாமுண்டி மலை நந்திகூட நகர்ந்து வழி விடும், பழனி சிஸ்டர் விடமாட்டாங்க" என்று நீங்கள் கேலி பேசியது அவள் காதில் விழாமல் இல்லை. "ஒக்காந்த நேரத்துக்குத்தான் கையெழுத்து. ஒக்காராத நேரத்துக்கு எங்கிட்ட வராதீங்கோ" என்பாள். அதற்கு மேல் பேச்சில்லை.

அவள் ஏன் அப்படி ஆனாள் என்பது உங்களுக்குத் தெரியாது. இப்போது நம்மில் அது தெரிந்தவள் நான் ஒருத்திதான். இத்தனை வருடம் வாயைத் திறக்காமல் இருந்தவளும் நான்தான்.

நாங்கள் இருவரும் வேலைக்குச் சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரு நாள் முழுக்க வகுப்பு. பதிவேட்டை மதியச் சாப்பாட்டுக்கு முன்பே சுற்றுக்கு விட்டு, நாள் முழுவதற்கும் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். கையெழுத்துப் போட்டோம், புளியோகரைப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டோம். மறுநாள் வரமகாலட்சுமி விரதம். மாலையானால் தேவராஜ மார்க்கெட்டில் பூ விலையில் கைவைக்க முடியாது. "வாடி, இப்பவே போயிட்டு வந்திடலாம்" என்று கூப்பிட்டேன். மதியம் பாம்புக்கடி பற்றிச் சொல்லித்தரப் போகிறார்கள் என்று தயங்கினாள். அவளுக்குச் சொந்த ஊர் காட்டோரத்து அனூர். நான் சிரித்தேன். "அனூர்க்காரிக்குப் பாம்பைப் பத்தி இவங்க என்னத்தடி புதுசா சொல்லப் போறாங்க?" என்றேன். வந்தாள். நான்கு முழம் மல்லிகை வாங்கினோம். அவளுக்கு நான்தான் வைத்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை வேளையில், அனூர்ப் பக்கத்திலிருந்தே ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். எங்கள் வயதுதான் இருக்கும். தரையில் படுத்திருந்தபோது ஏதோ கடித்ததாம், என்னவென்று பார்க்கவில்லையாம். காயத்தில் வீக்கமும் இல்லை. டாக்டர் பார்த்துவிட்டு, கவனித்துக்கொண்டே இருக்கச் சொல்லி அடுத்த கேஸுக்குப் போனார். அந்தப் பெண்ணுக்குக் கண் சொருகிச் சொருகி வந்தது. ராத்திரி முழுக்கத் தூங்காமல் வண்டியில் வந்த அலுப்பு என்று நினைத்தாள் பழனி. தன் ஊர்ப் பாஷை பேசுகிற பெண் என்ற பாசம் வேறு. "தூங்கு கண்ணு" என்று சொல்லித் திரைச்சீலையை இழுத்துவிட்டாள்.

கண் சொருகியது தூக்கத்தால் அல்ல. வீக்கம் காட்டாத பாம்புக்கடியும் உண்டு, அதில் விஷம் ஏறினால் முதலில் இமைதான் விழும். அப்போது எழுப்பி, ஒரே மூச்சில் எண்ணச் சொல்லிப் பார்க்க வேண்டும். எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தால் மூச்சுத் தசை தளர்கிறது என்று அர்த்தம். நாங்கள் மல்லிகைக்கு விலை பேசிக்கொண்டிருந்த மதியத்தில் வகுப்பில் சொல்லித்தந்தது இதைத்தான். அரை மணி கழித்துத் திரையை விலக்கியபோது அவளுக்கு மூச்சு நின்றுகொண்டிருந்தது. மூன்றாம் நாள் அந்தப் பெண் போய்விட்டாள்.

விசாரணை நடந்தது. பணியில் இருந்த நர்ஸுக்குப் பயிற்சி தரப்பட்டதா என்று கேட்டார்கள். பதிவேட்டை எடுத்தார்கள். அவள் கையெழுத்து இருந்தது, சான்றிதழும் இருந்தது. தரப்பட்டது என்று எழுதி முடித்துவிட்டார்கள். வெளியே வந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தக் கையெழுத்து என்னையக் காப்பாத்திப்போடுச்சு புள்ள. அவளக் காப்பாத்துல" என்றாள். மறுநாளே மேலதிகாரியிடம் போய், அன்று மதியம் தான் வகுப்பில் இல்லை என்று சொல்லிவிட்டாள். மெமோ கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டாள். "கூட யார் போனது?" என்று கேட்டார்களாம். "நா ஒருத்திதானுங்க போனேன்" என்று சொல்லியிருக்கிறாள். என் பேர் அவள் வாயிலிருந்து அன்றும் வரவில்லை, பிறகும் வரவில்லை. நானும் போய்ச் சொல்லவில்லை. அன்றைய என் சான்றிதழைக் காட்டித்தான் அடுத்த முறை என் பதிவைப் புதுப்பித்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

அதன் பிறகுதான் பதிவேட்டைத் தானே கேட்டு வாங்கினாள். எந்த வார்டில் யார் கண் சொருகினாலும், "எங்க, ஒரே மூச்சுல எண்ணுங்கோ பாக்கலாம்" என்று எழுப்பிவிடுவாள். சும்மா அசந்து தூங்கியவர்கள் கன்னடத்திலும் தமிழிலும் வைதிருக்கிறார்கள். "வையட்டும். வையறதுக்கு மூச்சு இருக்குதல்லோ" என்பாள்.

மார்பில் வந்த புற்றுநோய் நுரையீரலுக்குப் போனபோது பதிவேட்டை என்னிடம் கொடுத்தாள். இந்த மாதத்தோடு அவள் பதிவு முடிகிறது. புதுப்பிக்க இன்னும் ஒரே ஒரு வகுப்பு பாக்கி. வேலைக்குத் திரும்பிவிடுவேன் என்று அவள் நம்பினாளா, நமக்காக நம்புவதுபோல் இருந்தாளா, தெரியவில்லை. "காலாவதியான நர்ஸாப் போகக் கூடாது புள்ள" என்று மட்டும் அடிக்கடி சொன்னாள்.

போன ஞாயிற்றுக்கிழமை விஜயநகரில் அவள் வீட்டுக்குப் போனேன். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் தானாகவே ஒரே மூச்சில் எண்ணத் தொடங்கினாள். பதினொன்றில் நின்றது. "பதினொண்ணு. பொதங்கெழமைக்குத் தாங்கும். ஆட்டோவுல வந்து கடைசி வரிசைல ஒக்காந்துக்கறேன்" என்றாள். எனக்குத் தாங்கவில்லை. "நீ வர வேண்டாம்டி. பதிவேடு என்கிட்டதானே இருக்கு, நான் போட்டுடறேன்" என்று சொல்லிவிட்டேன். அந்த உடம்பில் அவ்வளவு கோபம் எங்கிருந்து வந்ததோ! "அன்னிக்கு ஒண்ணு போட்டமே, பத்தாதா?" என்றாள். இத்தனை வருடத்தில் அவள் அதை என்னிடம் சொல்லிக்காட்டியது அந்த ஒரு முறைதான். பிறகு அவளே என் தலையைத் தடவினாள். "போ, காபி குடிச்சிட்டுப் போ" என்றாள்.

செவ்வாய் மாலையே சொந்த ஊருக்கு எடுத்துப் போய் அடக்கம் செய்தார்கள். போய்விட்டு வந்தேன். புதன்கிழமை வகுப்பை யாரும் தள்ளிவைக்கவில்லை. தள்ளிவைத்திருந்தால் அவளே வந்து திட்டியிருப்பாள். மாலையில் எல்லோரும் மூன்றாவது கையெழுத்தும் போட்டுவிட்டுப் போனபிறகு மாதேஷ் போன் செய்தார். "அந்த ரெஜிஸ்ட்ரேசன் மட்டும் வந்துச்சுன்னா, படத்துக்குப் பக்கத்துல வெச்சிருவனுங்க சிஸ்டர். அவளுக்கு அது ஒண்ணுதான் கொறை" என்றார். பார்க்கிறேன் என்றேன். பதிவேட்டைத் திறந்தேன். அவள் கையெழுத்து எனக்கு அத்துப்படி. அவள் எழுதும் 'ப'வின் வால்கூடத் தெரியும். மூன்று கட்டங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. யாருக்கும் தெரியவும் தெரியாது.

பேனாவை மூடி வைத்தேன். மாதேஷுக்குப் போன் செய்து, வராது என்றேன். "அவளும் இதைத்தானுங்க சொல்லியிருப்பா" என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

பழைய பதிவேட்டைத் தேடி எடுத்திருக்கிறேன். அதில் அந்த மதியத்துக்கு அவள் கையெழுத்தும் என் கையெழுத்தும் அடுத்தடுத்து இருக்கின்றன. அவளுடையதின் மேல் சிவப்பு மையில் கோடு. என்னுடையது அப்படியே இருக்கிறது. நாளைக் காலை அதை எடுத்துக்கொண்டு மேலதிகாரியின் அறைக்குப் போகிறேன்.

அவளிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது பதினேழாம் எண்ணுக்கு எதிரே உள்ள மூன்று கட்டங்கள். நீ வராத வகுப்பு, பழனி. காலியாகவே விட்டிருக்கிறேன்.